கார் ஓட்டத் தெரிந்தவர் லாரி ஓட்டப் பழகுவது கஷ்டமா?

பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், கனரக லைசென்ஸ் எடுத்து லாரிக்குப் போக நினைக்கிறேன், பழகுவதில் என்ன சிரமம் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சங்ககிரிக்காரன். பத்து சக்கர வண்டியில் கிளீனராக ஏறி, இரண்டரை வருஷம் கழித்துத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

லைசென்ஸ் பெரிய விஷயமில்லை. 20 வயது ஆகியிருக்க வேண்டும், இலகுரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் முடிந்திருக்க வேண்டும், டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ், அதாவது படிவம் 5 வாங்க வேண்டும். ஆனால் ஸ்கூலில் காலி வண்டியைத்தான் கையில் கொடுப்பார்கள். கார் ஓட்டிய கைக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிடும். பத்து சக்கர லாரிக்கு அனுமதித்த மொத்த எடை 28.5 டன். காலியாக நிற்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மிச்சத்தை ஏற்றிய பிறகு, நேற்று ஓட்டிய அதே வண்டியா இது என்று சந்தேகமே வந்துவிடும்.

முதலில் தடுமாறுவது வளைவில். லாரியில் முன்சக்கரம் ஏறக்குறைய நம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கார் ஞாபகத்தில் திருப்பினால் பின்சக்கரம் உள்வாங்கி முனையை வெட்டும். அப்படித்தான் ஒரு டீக்கடை பெஞ்சை நான் உடைத்தேன். நல்லவேளை, உட்கார்ந்திருந்தவர் கிளாஸைக் கழுவ எழுந்து போயிருந்தார். இடது பக்கம் கதவுக்குக் கீழே பைக் நின்றாலும் நமக்குத் தெரியாது. கிளீனர்தான் அங்கே நமக்குக் கண். ரிவர்ஸில் அவன் கத்தும் “வா வா வா… ஹோல்டான்” கேட்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இப்போது கிளீனர் இல்லாமலே நிறைய வண்டிகள் ஓடுகின்றன. அது தனிக் கதை.

அப்புறம் பிரேக். இது காற்றில் வேலை செய்கிறது. என்ஜின் ஓடினால் கம்ப்ரசர் காற்றை டேங்கில் நிரப்பும். காலையில் வண்டியை எடுக்கும்போது ஏர் ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மிதித்ததும் காரைப் போல டக்கென்று பிடிக்காது, ஒரு கணம் தாமதமாகும். அந்த ஒரு கணத்தில் லோடு வண்டி எத்தனை அடி போகும் என்பது காலுக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். சும்மா சும்மா பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் காற்றும் குறையும், சக்கரத்துக்குள் பிரேக் பிடிக்கிற டிரம்மும் சூடேறும். சூடேறிய டிரம்மில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு வராது.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். அங்கே எத்தனையோ லாரிகள் கவிழ்ந்திருக்கின்றன. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. சிலர் என்ஜினையே அணைத்துவிடுவார்கள். கம்ப்ரசரும் நின்றது, பவர் ஸ்டியரிங்கும் நின்றது, மிச்சம் இருப்பது டேங்கில் உள்ள காற்று மட்டும்! கேட்டால், இருபது வருஷமாக இப்படித்தான் இறங்குகிறேன் என்பார்கள். உண்மையில், இப்போதைய என்ஜின்கள் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இல்லாவிட்டால் டீசலே எடுப்பதில்லை. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும்.

எனக்குப் பழக்கிய டிரைவர் அண்ணன் முதல் தடவை தொப்பூரில் ஸ்டியரிங்கைக் கொடுத்தபோது, இறக்கம் தொடங்குமுன்பே வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். “இந்த மேட்டை லோடோட ஏறணும்னா எந்த கியர் போடுவே?” என்று கேட்டார். மூணு என்றேன். “அப்ப மூணுலயே எறங்கு. நடுவுல கியர்மேல கைய வெக்காதே.” பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக் கொன்றான். அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டு, “அவன் போவட்டும் தம்பி” என்றார். கீழே வந்ததும் இறங்கிப் போய் டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் காட்டச் சொன்னார். வெதுவெதுப்புதான். வண்டியைப் பெரும்பாலும் இழுத்துப் பிடித்தது பிரேக் இல்லை, கியரில் இருந்த என்ஜின். எங்களுக்கு முன்னால் நின்றிருந்த வண்டியில் பிரேக் லைனர் கருகும் நாற்றம் பத்தடி தூரத்துக்கு அடித்தது. அதன் டிரைவர் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். சூட்டில் ஊற்றினால் டிரம் விரிசல் விடும் என்று அண்ணன் முணுமுணுத்தார்.

தார்ப்பாய் கட்டுவது, கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்திலேயே காற்றைக் கண்டுபிடிப்பது, லோடு இறக்க இரண்டு நாள் காத்துக் கிடப்பது எல்லாம் போகப் போக வந்துவிடும். தூக்கம்தான் கடைசிவரை பழகாது. விடியற்காலை மூணு மணிக்குக் கண் சொருகினால் பாட்டுப் போட்டோ முகம் கழுவியோ சமாளிக்கப் பார்க்காமல், ஓரங்கட்டிப் படுத்துவிடுங்கள்.

தெரிந்த வண்டிக்காரர் யாராவது இருந்தால், இருக்கிற வேலையை விடுவதற்கு முன் அவரோடு ஒரு ட்ரிப் இடது சீட்டில் உட்கார்ந்து போய் வாருங்கள். லோடு ஏற்றிய வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.