கடல் இல்லாத ஊருக்குப் புயல்: சேலம், ஏற்காடு கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாபேட்டை: கடலே இல்லாத சேலத்துல புயலுக்கு எதுக்கு சார் பயப்படணும்?

காற்றுக்கு வேண்டாம், மழைக்குப் பயப்படுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அப்புறம் வலுவிழந்து நிதானமாக உள்ளே வந்தது. அந்த நிதானம்தான் வினை. ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. ‘வலுவிழந்தது’ என்று டிவியில் சொன்னால், குறைந்திருப்பது காற்றின் வேகம் மட்டுமே, மழை அல்ல.

ஓமலூர்: இந்த வருஷப் புயல்ல மேட்டூர் நிரம்புமா?

அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. வங்கக்கடலைப் பார்த்து உட்கார வேண்டாம்.

ஏற்காடு போக நினைப்பவர்: ஞாயிற்றுக்கிழமை மேலே போலாமா?

எச்சரிக்கை இருந்தால் வேண்டாம். மழை விட்ட மறுநாளும் வேண்டாம். ஊறிய மண் வெயில் வந்த பிறகும் சரியும்.

கருப்பூர்: புயல் அதிகமான வருஷம்னா நமக்கு மழையும் அதிகமா?

நல்ல கேள்வி. 2020-ல் அட்லாண்டிக்கில் பெயர் பெற்ற புயல்கள் மட்டும் 30. பெயர்ப் பட்டியல் தீர்ந்துபோய் கிரேக்க எழுத்துகளை வைத்தார்கள்; மறு வருஷமே அந்த வழக்கத்துக்கு முழுக்குப் போட்டார்கள். அது லா நினா ஆண்டு, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்த ஆண்டு. புயலின் தலையைச் சீவிவிடும் மேல்காற்று அட்லாண்டிக்கில் தணிந்திருந்தது, அங்கே கடலும் சூடாக இருந்தது. அது அந்தக் கடலின் கதை. நம் பக்கம் 2019-ல் 8 புயல், வழக்கத்தைவிட அதிகம். அதில் 5 அரபிக்கடலில். மிச்சத்தில் ஃபானி ஒடிசாவுக்கும் புல்புல் வங்கத்துக்கும் போயின. ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் கரையேறவில்லை. எண்ணிக்கையை விடுங்கள், பாதையைப் பாருங்கள்.

ஆத்தூர்: பேர் யார் வைக்கிறாங்க?

13 நாடுகள் கொடுத்த பட்டியல் உண்டு. காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டால் அடுத்த பெயர். ஃபெஞ்சல் சவூதி கொடுத்தது.

கன்னங்குறிச்சி: ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலை சுவர் மாதிரி நின்னு நம்மைக் காப்பாத்துதுன்னு பெரியவங்க சொல்வாங்களே?

நாகலூர் காபித் தோட்டக்காரர்: உங்களைக் காப்பாத்துற மழை எங்க தலையிலதானே விழுது!

கன்னங்குறிச்சி: அப்ப சுவர்னு ஒத்துக்கிறீங்க?

இருவரும் பொறுங்கள். ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறும், குளிரும், மோதிய பக்கத்திலேயே கொட்டும். எந்தப் பக்கம் என்பதைப் புயலின் மையம்தான் தீர்மானிக்கும். நம் அரைக்கோளத்தில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் நமக்குத் தெற்கே போனால் கிழக்குக் காற்று, வடக்கே போனால் மேற்குப் பக்கக் காற்று. ஆக, சுவர் எப்போதும் ஒரே பக்கம் காக்காது. தவிர, மலையில் விழுந்தது மலையிலேயே நிற்குமா? திருமணிமுத்தாறாக சேலத்துக்குள்தான் இறங்கும். கன்னங்குறிச்சிக்காரர், மலைத் தண்ணீர் வந்து சேரும் தம் ஊர் ஏரியான மூக்கனேரியைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

நாகலூர்: சரி சார், பழுத்த பழம் மழையில உதிருதே?

காபி வாரிய அலுவலரைக் கேளுங்கள், எனக்கு வானம்தான் தெரியும்.

இன்னொருவர்: சார், இந்த ஞாயிறு ஏற்காடு...

மேலே இருக்கிறது. படியுங்கள்.

மற்றொருவர்: குப்பனூர் வழியா போனா?

அதுவும் அதே மலைதான் ஐயா.