வண்டி ஓட்டும்போது யாராவது குறுக்கே வந்தால் துரத்திப் போய்க் கேட்காமல் மனம் ஆறுவதில்லை. இந்தக் கோபத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

நீங்களும் என்னைப் போலத் தினமும் அலுவலகத்திற்குக் கார் ஓட்டிச் செல்பவராகத்தான் இருக்க வேண்டும். நானும் துரத்தியவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

2019இல் ஒரு காலை, தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் போய்க்கொண்டிருந்தேன். குரோம்பேட்டை அருகே ஒரு பைக் இடப்பக்கமாக வந்து சட்டென்று என் காருக்கு முன்னால் ஒடித்துத் திரும்பியது. நான் பிரேக்கை மிதித்த வேகத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த சாப்பாட்டுப் பை விழுந்து சாம்பார் கொட்டியது. உரசல்கூட இல்லை. ஆனாலும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் பல்லாவரம் சிக்னல் வரை விரட்டிச் சென்று, இறங்கி, அவருடைய வண்டிச் சாவியைப் பிடுங்கினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த மனிதர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். அவர் நடிக்கவில்லை. பள்ளத்தைத் தவிர்க்க வண்டியை ஒடித்தவருக்குப் பின்னால் என் கார் வந்ததே தெரியாது. ஹாரன் சத்தத்தையும் வேறு யாருக்கோ என்று நினைத்திருக்கிறார். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

நாம் குறுக்கே புகுந்தால் அவசரம் என்கிறோம், பிறர் புகுந்தால் திமிர் என்கிறோம். நடந்து போகையில் தோள் இடித்தால் முகத்தைப் பார்த்துச் சமாதானமாகிவிடுகிற நமக்கு, சாலையில் எதிராளியின் நம்பர் பிளேட் மட்டுமே தெரிகிறது.

தவறு செய்பவரைத் தட்டிக் கேட்கக் கூடாதா என்று சிலர் சண்டைக்கு வரலாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. இறங்கிப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். 1988இல் பாட்டியாலாவில் வழிவிடுவது பற்றிய தகராறில் தாக்கப்பட்ட 65 வயது முதியவர் இறந்துபோனார். அந்த வழக்கில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவுக்கு உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. எட்டுப் போட்டுக் காட்டினால் இரு சக்கர வாகன உரிமம் கொடுத்துவிடுகிறார்கள். கோபம் வந்தால் என்ன செய்வது என்று எனக்கு எந்த ஓட்டுநர் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

இப்போது கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன். என் கோபத்தில் பாதி, தாமதத்தின் பதற்றமாகவே இருந்திருக்கிறது. யாராவது குறுக்கே வந்தால், "இவர் என்னைப் பார்த்தாரா?" என்று வாய்விட்டே கேட்டுக்கொள்கிறேன். எவராவது என்னைத் துரத்தினால் கண்ணாடியை இறக்காமல், வீட்டுக்கும் திரும்பாமல், ஆட்கள் இருக்கும் பெட்ரோல் பங்க்கிலோ காவல் நிலைய வாசலிலோ வண்டியை நிறுத்திவிட்டு 112ஐ அழைப்பேன்.