‘வெரி’யை ஒழித்துவிடலாமா? ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்கள் எவை, அவற்றில் எதையாவது அந்த மொழியை விட்டே நீக்கலாமா, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. 2004 வரைக்கும் இரண்டும் ஒரே மாவட்டம்தானே, அதனால் பிரிக்காமல் கலந்தே பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: சார், என் தோழிகள் ‘லிட்ரலி’ இல்லாமல் வாயே திறப்பதில்லை. ‘லிட்ரலி செத்துட்டேன்டி’ என்கிறாள் ஒருத்தி. உள்ளது உள்ளபடி என்றுதானே அதற்கு அர்த்தம்? அகராதியிலிருந்தே எடுத்துவிட்டால் என்ன?

அர்த்தம் நீ சொல்வதுதான் அம்மா. ஆனால் மிகைப்படுத்திப் பேச அதைப் பயன்படுத்துவது உன் தோழிகள் தொடங்கி வைத்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தப் பொருளுக்குச் சான்று காட்டுவது 1769இல் வந்த ஒரு நாவலிலிருந்து. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸும் அப்படி எழுதியிருக்கிறார்.

உண்மை என்று பொருள்படும் சொற்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் இந்தக் கதிதான். ‘வெரி’ என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ‘உண்மையான’ என்று பொருள். ‘ரியலி’, ‘ட்ரூலி’ இரண்டும் அதே வழியில் போனவை. நான் சொல்வதை நம்பு என்று அழுத்துவதற்காக மனிதன் ஒரு சொல்லைப் பிடிக்கிறான். பிடித்துப் பிடித்து அது வழுவழுத்துப் போகிறது. உடனே அடுத்த சொல்லைத் தேடுகிறான்.

நம் ‘ரொம்ப’வைப் பார். அது ‘நிரம்ப’ என்ற சொல். குடம் நிரம்புகிற மாதிரி. இன்றைக்கு ‘பஸ் ரொம்பக் காலியா இருந்துச்சு’ என்கிறோம். நிரம்பக் காலி! யாருக்கும் உறுத்தவில்லை. மொழி அப்படித்தான் நகரும், அதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை.

இருந்தாலும் ‘லிட்ரலி’ வீணாகக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து மூன்று மணி நேரம் பஸ் ஓர் அடிகூட நகரவில்லை என்று வை. கேட்பவர் நீ கூட்டிச் சொல்வதாக நினைப்பார். இல்லை, நிஜமாகவே ஓர் அடி நகரவில்லை என்று சொல்ல அந்த இடத்தில் ‘லிட்ரலி’ வேண்டும். எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிட்டால் அன்றைக்கு அது உனக்கு உதவாது.

கிருஷ்ணகிரி, இல்லத்தரசி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் எதைப் பார்த்தாலும் ‘ஆசம்’, ‘நைஸ்’, ‘வெரி பியூட்டிஃபுல்’ என்றே எழுதுகிறாள். இந்தச் சொற்களை எழுதவே கூடாது என்று தடுத்துவிட்டேன். சரிதானே சார்?

தடுக்காதீர்கள் அம்மா. தடுத்தால் பேனா நின்றுவிடும்.

பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். ஒகேனக்கல் போய் வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு பக்கத்தில் ‘வெரி’ 11 தடவை. சிவப்பு மையைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, ‘அங்க என்னம்மா பாத்த? தமிழ்லயே சொல்லு’ என்றேன். ‘பரிசல்காரரு துடுப்ப ஒரு பக்கமா அழுத்துனாரு சார். பரிசல் தட்டாமாலை சுத்துச்சு. எங்கம்மா என் கையப் புடிச்சதுல நகம் பதிஞ்சிருச்சு’ என்றாள். இதையே ஆங்கிலத்தில் எழுது என்றேன். திருப்பி எழுதிக் கொண்டுவந்தாள். ஒரு ‘வெரி’ இல்லை. துடுப்பு இருந்தது, சுழற்சி இருந்தது, நகத்தடம் இருந்தது. பரிசலுக்கு மட்டும் சொல் தெரியாமல் இடம் விட்டிருந்தாள். ‘காரக்கிள்’ என்று எழுதிக் கொடுத்தேன். வேல்ஸ் நாட்டு ஆற்றுக்காரர்கள் வைத்த பெயர் அது.

ஒகேனக்கல் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. புகையும் கல். அருவியைப் பார்த்த எவரோ ஒருவர் ‘வெரி’யும் ‘ஆசம்’மும் இல்லாமல், கண்ணில் பட்டதை மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கும் அந்தச் சொல் தேயவில்லை. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

‘ஆசம்’ எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிக்கொடுங்கள். அச்சமும் வியப்பும் கலந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ‘ஆ’ என்றே ஒரு சொல் உண்டு. மலை உச்சியில் நிற்கும்போது வருமே, அது. ‘ஆசம்’, ‘ஆஃபுல்’ இரண்டுமே அதன் பிள்ளைகள். ஒன்று ‘பிரமாதம்’ ஆகிவிட்டது, மற்றது ‘படுமோசம்’ ஆகிவிட்டது. ‘நைஸ்’ கதை இன்னும் சுவாரசியம். லத்தீனில் அதன் வேருக்கு ‘அறியாதவன்’ என்று பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் முட்டாள் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்துவிட்டால் அந்தச் சொல்லைப் போடுவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த ஒரு நொடி போதும்.

அரூர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: ஐயா, ஒரு சொல்லை ஆங்கிலத்திலிருந்து நீக்க அதிகாரம் யாருக்கு?

யாருக்கும் இல்லை தம்பி. பிரெஞ்சு மொழிக்கு 1635இல் தொடங்கிய அகாடமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒன்று அமையவே இல்லை. எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712இல் அப்படி ஒரு சபை வேண்டும் என்று கோரிக்கையே எழுதினார். சொற்களைக் குறுக்குவது அவருக்குப் பிடிக்காது. லத்தீன் தொடர் ஒன்றை வெட்டி உண்டாக்கிய, கும்பல் என்று பொருள்படும் ‘மாப்’ மீது அவருக்குத் தீராத வெறுப்பு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ‘ஃபன்’ என்ற சொல்லைத் தாழ்ந்த கொச்சை என்று குறித்தார். இன்றைக்கு ‘மாப்’பும் ‘ஃபன்’னும் செழிப்பாக இருக்கின்றன.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று ஒன்று. 1976 முதல் வருஷா வருஷம் ‘நாடு கடத்த வேண்டிய சொற்கள்’ என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். கொரோனாவை அடுத்து வந்த 2021 பட்டியலில் ‘அன்பிரசிடென்டட்’ இருந்தது. முன்னெப்போதும் இல்லாத என்று அர்த்தம். தினமும் பத்துத் தடவை காதில் விழுந்தால் அது எப்படி முன்னெப்போதும் இல்லாததாகும்? மக்களின் சலிப்பு நியாயமானது. ஆனாலும் பட்டியலில் சேர்ந்த சொல் எதுவும் நாட்டை விட்டுப் போனதில்லை.

நம் நாட்டிலும் நீதிபதியை ‘மை லார்ட்’ என்று அழைப்பது காலனி ஆட்சியின் மிச்சம் என்று, வழக்கறிஞர்களின் அமைப்பான இந்திய பார் கவுன்சில் 2006இல் விதியே கொண்டுவந்தது. உயர் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள், இன்னும் ஒலிக்கிறது.

போக வேண்டிய சொல் யாரும் சொல்லாமலே போய்விடும். மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்கள் என்று உறு, தவ, நனி மூன்றையும் தொல்காப்பியம் சொல்கிறது. அந்தக் காலத்து ‘வெரி’ அவை. இப்போது யார் பேச்சில் இருக்கின்றன?

போச்சம்பள்ளி, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்: ‘ஓகே’?

இருக்கட்டும். 1839இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே O, K எழுத்துகளில் தொடங்கித் தப்பாக எழுதியதன் சுருக்கம் அது. உலகம் முழுக்க எல்லாருக்கும் புரிகிற ஒரு சொல்லை எதற்கு விட வேண்டும்?

ஓசூர், தொழிற்சாலைப் பொறியாளர்: எங்கள் அலுவலக மெயில்களில் ‘லெவரேஜ்’, ‘சினர்ஜி’, ‘கோயிங் ஃபார்வர்ட்’ இல்லாத வரி கிடையாது. நானும் அப்படியே எழுதப் பழகிவிட்டேன். விடுவது எப்படி?

அந்தச் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு வரியைப் படித்துப் பாருங்கள். இனிமேல் என்று பொருள்படும் ‘கோயிங் ஃபார்வர்ட்’ என்பதை மறைத்தால் பெரும்பாலும் எதுவும் குறையாது. அப்படியானால் அடித்துவிடலாம். ‘சினர்ஜி’ என்று எழுதத் தோன்றும்போது, எந்த இரண்டு பிரிவு, சேர்ந்து என்ன செய்யப்போகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இருந்தால் பதிலையே எழுதுங்கள். இல்லையென்றால் அந்த மெயிலை அனுப்ப வேண்டிய அவசியமே இருக்காது.

பாப்பாரப்பட்டி, தனியார் நிறுவன ஊழியர்: நேர்முகத் தேர்வில் ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தோற்றதற்கு அதுதான் காரணமா?

அதற்காக மட்டும் யாரும் வேலை மறுக்க மாட்டார்கள் தம்பி. மனசு அடுத்த சொல்லைத் தேடும் வரைக்கும் நாக்கு பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அவை. நாம் தமிழில் ‘வந்து’, ‘என்னன்னா’, ‘அதாவது’ என்று இழுப்பதில்லையா? எல்லா மொழியிலும் உண்டு. அந்த இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடப் பழகுங்கள். உங்களுக்கு நீளமாகத் தெரியும் அந்த அமைதி, எதிரே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கர்: நம் சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய இருக்கின்றனவாமே? அவற்றை யாராவது நீக்கினால் வருத்தமாக இருக்காதா?

உங்கள் ஆலைக்கு லாரியில் வந்து இறங்குகிறதே, அந்தச் சரக்கின் பெயரே நம்முடையதுதான். நம் ‘மாங்காய்’, மலையாளத்து ‘மாங்ங’, இந்தக் குடும்பத்துச் சொல்லைப் போர்ச்சுகீசியர் ‘மங்கா’ என்று எடுத்துப்போக, அது ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ ஆனது. ‘கட்டமரான்’ கட்டுமரம், ‘செரூட்’ சுருட்டு, ‘முல்லிகடானி’ மிளகுத்தண்ணி. இவையெல்லாம் பெருமையோடு இருக்கட்டும். ஆனால் நம் தமிழிலிருந்து போன சொற்களிலேயே, அங்கே இருக்கக் கூடாதது ஒன்று உண்டு. அடுத்த கேள்விக்கு அதுதான் பதில்.

தருமபுரி, வழக்கறிஞர்: எதையும் நீக்க வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். ஒரே ஒரு சொல்லை நீக்கலாம் என்று உங்கள் கையில் கொடுத்தால் எதை நீக்குவீர்கள்?

‘பரையா’. யோசிக்காமல் சொல்வேன்.

பறையர் என்ற சமூகத்தின் பெயர் அது. பறை என்ற இசைக்கருவியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். இங்கே வந்த ஐரோப்பியர் வழியாக 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் ‘யாரும் சேர்த்துக்கொள்ளாதவன்’ என்று பொதுப்பொருள் கொடுத்துவிட்டார்கள். உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதுகிறார்கள். கட்சியில் ஓரங்கட்டப்பட்ட தலைவரையும் அப்படியே. எழுதுகிறவருக்கு அது உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயர் என்று பல நேரம் தெரிந்திருக்காது.

பிளஸ் ஒன் வகுப்பில் தினமும் ஒரு மாணவன் ஆங்கிலப் பத்திரிகையை உரக்க வாசிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு பையன் வாசித்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நின்றான். எழுத்துக் கூட்டிப் பார்த்தான். ‘இதுக்கு என்ன அர்த்தம் சார்?’ என்று கேட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றான். நான் மறைக்காமல் சொன்னேன். அவன் பத்திரிகையை நான்காக மடித்து மேசை மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடத்த எனக்கு முடியவில்லை.

‘வெரி’யால் யாருக்கும் காயமில்லை. கேட்பவருக்குச் சலிப்பு வரும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. ஒரு நாடு ‘ஐசொலேட்டட்’ என்று எழுதலாம், ஒதுக்கப்பட்டது என்ற பொருளில் ‘ஷன்ட்’ என்று எழுதலாம், சொல்லுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமா?

அரூர் தம்பிக்கு யாராலும் முடியாது என்று சொன்னேன். இந்த இடத்தில் அதைத் திருத்திக்கொள்கிறேன். ‘திருநங்கை’, ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொற்களை அரசு எடுத்து ஆண்டது. பத்திரிகைகள் கூடவே வந்தன. இன்றைக்கு பென்னாகரம் சந்தையில்கூட அந்தச் சொற்களைக் கேட்கிறேன். பழைய சொற்களைச் சொல்ல வாய் கூசுகிறது. கூச வைக்க முடிந்தால் சொல் போகும். பத்திரிகைக்காரர்கள் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள் ஐயா, நானும் ஒவ்வொரு முறை அச்சில் பார்க்கும்போதும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறேன்.

ஓசூர், மென்பொருள் துறை: இதற்குச் சம்பந்தமாக ஒன்று. கிட்ஹப்பில் ‘மாஸ்டர்’ என்பதை ‘மெயின்’ என்று மாற்றினார்களே, அது தேவையா?

கிட்ஹப் என்பது கணினி நிரல்களைச் சேமித்துவைத்துப் பகிரும் தளம். 2020 அக்டோபரிலிருந்து அங்கே புதிதாகத் தொடங்கும் நிரல் தொகுப்புகளின் முதன்மைக் கிளைக்கு ‘மெயின்’ என்று பெயர் வைத்தார்கள். கணினித் துறையில் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’ என்று ஜோடியாகச் சொல்லும் வழக்கம் இருந்தது, எஜமான், அடிமை. அடிமையாக விற்கப்பட்டவர்களின் வம்சத்தில் வந்தவர்கள் அந்தத் திரையின் முன் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ‘மெயின்’ சொல்லவும் எளிது. தேவைதான்.

பர்கூர், விவசாயி: எங்கள் தெருவிளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை. ஆங்கிலத்தில் மனு எழுதி, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடித்தேன். அது தப்பான ஆங்கிலம் என்கிறான் மகன்.

தப்பில்லை. பழைய பிரிட்டிஷ் அலுவலகங்களில் நன்றாகப் புழங்கிய தொடர்தான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம் ஊரில் தங்கிவிட்டது. ஆனால் ‘ஆவன செய்யவும்’ என்பதுதான் அதன் பொருள், அப்படிச் சொன்னால் படிப்பவர் எது ஆவது என்று தானே தீர்மானித்துக்கொள்வார். ‘ப்ளீஸ் ரிப்ளேஸ் த பல்ப் ஆன் போல் நம்பர் 14’ என்று முடியுங்கள். கம்பத்து எண் தெரியாவிட்டால் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், கம்பத்திலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கும். மனுவைத் தமிழிலேயே எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள்.