அது யாருடைய கலர்?

அன்புள்ள ஐயா,

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் சுதந்திர தின விழாவில் மூன்று பிள்ளைகளைத் தேசியக் கொடி போல நிற்க வைக்கிறார்கள். என் மகளுக்குக் காவிப் பாவாடை, நெற்றியில் பொட்டு. நடுவில் நிற்கும் பையனுக்கு வெள்ளை அங்கி, கையில் சிலுவை. அவளுடைய உயிர்த்தோழிக்குப் பச்சைப் பாவாடை, தலையில் முக்காடு. வீட்டுக்கு வந்ததும், "அம்மா, மேல இருக்கிறது நம்ம கலர், கீழ இருக்கிறது அவ கலராமே?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நிறங்களுக்கு அதுதான் அர்த்தமா?

கே.ஆர்., நாமக்கல்

அன்புள்ள கே.ஆர்.,

இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. அதனால்தான் அந்த ஆசிரியைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் பள்ளியில் இதைத்தான் படித்தேன்.

1921இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) ஆந்திரத்தைச் சேர்ந்த பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் கொடுத்த கொடியில் சிவப்பும் பச்சையும் மட்டுமே இருந்தன. இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. மற்றவர்களுக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார் காந்தி. அடுக்கிய வரிசையைக் கவனியுங்கள்: எண்ணிக்கையில் சிறியவர்களின் வெள்ளை மேலே, பச்சை நடுவில், சிவப்பு அடியில். பலம் உள்ளவர் மற்றவருக்குக் காவலாக இருக்க வேண்டும் என்று அதற்கு விளக்கமும் தந்தார். மேலே இருப்பவர் பெரியவர் என்ற எண்ணமே அங்கு இல்லை.

ஆனாலும் பங்கு பிரிக்கத் தொடங்கினால் முடிவேது? தங்களுக்கும் ஒரு நிறம் வேண்டும் என்று சீக்கியர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. 1931இல் காங்கிரஸ் ஏழு பேர் குழு ஒன்றை அமைத்தது. படேல், நேரு, ஆசாத், சீக்கியத் தலைவர் மாஸ்டர் தாரா சிங் எல்லாரும் அதில் இருந்தார்கள். கொடி முழுவதும் ஒரே நிறமாக, குங்குமப்பூ நிறமாக இருக்கட்டும் என்றது குழு. கட்சி அதை ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டில் சிவப்பை நீக்கி, குங்குமப்பூ நிறத்தை மேலேயும் வெள்ளையை நடுவிலும் பச்சையைக் கீழேயும் வைத்தார்கள். நிறங்கள் எந்த மதத்தையும் குறிக்கவில்லை என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். முதலாவது தைரியத்துக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கும் அமைதிக்கும், பச்சை நம்பிக்கைக்கும் என்றார்கள். உங்கள் மகளின் பள்ளி சொல்லிக்கொடுப்பது பத்து வருடம் பழகிப் பார்த்து, வேண்டாம் என்று நம் முன்னோர் கைவிட்ட அர்த்தத்தை.

இது நடந்து ஐந்தே மாதத்தில், 1932 ஜனவரியில், திருப்பூரில் குமரன் தடியடிபட்டு விழுந்தார். கையில் பிடித்த கொடியை விடவில்லை. நெசவாளிக் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் துணியில் எந்தப் பட்டை தன்னுடையது என்று அவர் பார்த்திருப்பார் என்று நினைக்கவே எனக்கு மனம் கூசுகிறது.

இன்னொன்று, நம் மொழியில் நடந்தது. 1947 ஜூலை 22 அன்று நேரு அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்த தீர்மானத்தில் மேல் பட்டையின் பெயர் 'கேசரி'. அதாவது குங்குமப்பூ. நாம் அதைக் 'காவி' என்று தமிழாக்கிக்கொண்டோம். காவி என்பது காவிக்கல்லின் மண் சிவப்பு, சாமியார் வேட்டியின் நிறம். அதே சபையில் ராதாகிருஷ்ணன் அந்த நிறத்தில் துறவைக் கண்டார் என்பதும் உண்மை. ஆனால் அவர் அதை ஆள்பவர்களுக்கான பாடமாகச் சொன்னார்: சொந்த லாபம் பார்க்காமல் வேலை செய்யுங்கள் என்று. பச்சையில் அவர் பார்த்தது நம் காலடி மண்ணையும் அதில் முளைக்கும் பயிரையும்.

என் அம்மா ஆகஸ்ட் 14 இரவு கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, விளக்குமாற்றுக் குச்சியில் பஞ்சு சுற்றி, தாளில் மேல் பட்டையைப் பூசித் தருவார். அசல் பெயர் எங்கள் அடுப்படி டப்பாவிலேயே இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதானது.

விழாவுக்கு இன்னும் நாள் இருந்தால் ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். சண்டைக்கு அல்ல, இந்தக் கதையைச் சொல்ல. பொட்டும் சிலுவையும் முக்காடும் வேண்டாம், பாவாடையும் அங்கியும் போதும் என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் மகளுக்குப் பச்சையும் அவள் தோழிக்கு மேல் பட்டை நிறமும் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அன்று மாலையே மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பார்கள்.