ஒரே ஸ்கேனில் ‘கரு கலைந்துவிட்டது’ என்று முடிவு செய்தார்கள்: இழப்பீடு கோர முடியுமா?

கேள்வி: எனக்கு மாதவிடாய் சீராக வருவதில்லை. ஏழு வாரம் என்று கணக்கிட்டு எடுத்த ஸ்கேனில், கருவின் நீளம் 4 மி.மீ., இதயத் துடிப்பு இல்லை என்று எழுதியிருந்தார்கள். கரு கலைந்துவிட்டது, காத்திருந்து பயனில்லை என்று கூறிய மருத்துவர் அன்று மாலையே மாத்திரை கொடுத்தார். நான்காம் நாள் கருப்பையைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. இது நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. அண்மையில் வேறொரு மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, “ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்திருக்க வேண்டுமே” என்றார். கருவில் உயிர் இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இந்நிலையில் வழக்கு நிற்குமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த ‘4 மி.மீ.’தான். கருவில் உயிர் இருந்ததா என்பதை நிரூபித்தால்தான் வழக்கு என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அன்றைக்கு அந்த ஓர் அளவை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி முடிவு கட்டலாமா என்பதே நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும்.

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளமிருந்தும் துடிப்பு இல்லாவிட்டால்தான் இழப்பு உறுதி என்றும், கரு தென்படாதபோது அதைச் சூழ்ந்த பையின் சராசரி விட்டம் 25 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் கதிரியக்க வல்லுநர் குழு 2013-இல் வகுத்தது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. 7 மி.மீ.க்குக் கீழே என்றால் குறைந்தது 7 நாள் கழித்து மறு ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டியிருந்தாலும் இன்னொருவரின் கருத்தையோ மறு ஸ்கேனையோ நாட வேண்டும் என்கிறது. வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேனாக இருந்தால் 14 நாள் காத்திருக்கச் சொல்கிறது. இவற்றுக்கு முன்பு 5 மி.மீ. போதும் என்ற வழக்கம் பரவலாக இருந்தது. ஒரே கருவை இருவர் அளக்கும்போது வரும் சிறு வேறுபாடுகூட உயிருள்ள கருவை இறந்துபோனதாகக் காட்டிவிடலாம் என்பதால்தான் வரம்பு உயர்த்தப்பட்டது. உங்கள் அறிக்கையிலுள்ள அளவு அந்தப் பழைய வரம்பைக்கூட எட்டவில்லை. அத்துடன், மாதவிடாய் சீராக வராத ஒருவருக்குக் கருமுட்டை தாமதமாக வெளிப்பட்டிருக்கலாம் என்பதால், ‘ஏழு வாரம்’ என்ற கணக்கே உறுதியற்றது.

நீங்கள் வசிக்கும் நாட்டைக் குறிப்பிடவில்லை. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அளவுகோல் பெரும்பாலும் ஒன்றே. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாராராவது சரியென ஏற்கும் முறைப்படி நடந்துகொண்ட மருத்துவரைக் கவனக்குறைவுள்ளவர் என்று கூற முடியாது என 1957-இல் இங்கிலாந்தின் போலம் வழக்கு நிறுவியது. அந்த முறை தர்க்கத்துக்கும் நிற்க வேண்டும் என்று 1997-இல் அங்கேயே பொலித்தோ வழக்கு சேர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் போலம் அளவுகோலை ஏற்றுக்கொண்டது. கணிப்பு தவறிப்போனது மட்டுமே குற்றமாகாது. ஆனால் ஒரு வாரம் காத்திருப்பதால் உங்களுக்கு என்ன கேடு வந்திருக்கும் என்பதற்கு எதிர்த்தரப்பிடம் மருத்துவக் காரணம் இருக்க வேண்டும். கடும் இரத்தப்போக்கு, கருப்பைக்கு வெளியே கரு என்ற ஐயம் போன்றவை இருந்திருந்தால் நிலைமை மாறும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கடினமான பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முறை தவறியது என்று நிரூபித்தாலும், அந்தத் தவறினால்தான் கருவை இழந்தீர்கள் என்று காட்டுவது வேறு. மருந்து தரப்படாவிட்டால் கரு வளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்காவது சான்று தேவை, 4 மி.மீ. கருவில் துடிப்பு காணப்படாத ஒரே ஸ்கேனை வைத்து எந்த நிபுணரும் அதை எளிதில் கூறிவிட மாட்டார். எனவே உங்கள் கோரிக்கையை இதன் மேல் மட்டும் கட்ட வேண்டாம்.

என் கருத்தில், ஒப்புதல் பற்றிய வாதமே உங்களுக்கு வலுவானது. சிகிச்சையின் தன்மை, ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை எடுத்துரைத்த பிறகு பெறுவதே ஒப்புதல் என்று இந்தியாவில் 2008-இல் சமீரா கோலி தீர்ப்பும், பிரிட்டனில் 2015-இல் மான்ட்கோமரி தீர்ப்பும் கூறுகின்றன. “ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்” என்ற வழி உங்களிடம் சொல்லப்படவில்லை; சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பீர்கள். அந்த வாரத்தின் முடிவு எதுவாக இருந்திருந்தாலும், உறுதிப்படுத்தாத ஒன்றின் பேரில் மாத்திரையையும் பிறகு சுத்தம் செய்தலையும் உங்கள் உடல் தாங்க நேர்ந்தது. விடை தெரியாமலே வாழும் துயரமும் அங்கிருந்துதான் வந்தது. இழப்பீட்டு மனுவில் இதைத் தனித் தலைப்பாக எழுதும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

ஆவணங்களுக்கு இன்றே எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். ஸ்கேன் அறிக்கை, கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, ஒப்புதல் படிவம், திசுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு ஆகிய அனைத்தையும் கேளுங்கள். ஸ்கேன் எந்த வழியில் எடுக்கப்பட்டது என்பது அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவாயின், 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிறகு வேறு ஊரைச் சேர்ந்த, அந்த மருத்துவருடன் தொடர்பில்லாத மகப்பேறு நிபுணர் ஒருவரின் எழுத்துக் கருத்தைப் பெறுங்கள்.

இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தை அணுக 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளே அவகாசம். அதன்படி உங்களுக்குச் சுமார் 10 மாதங்கள் மீதமுள்ளன. இங்கிலாந்தில் பொதுவாக மூன்று ஆண்டுகள். வேறு நாடு என்றால் அங்குள்ள காலவரம்பை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கையிலுள்ள ஸ்கேன் படம் வெப்பத்தாளில் அச்சிட்டதாக இருந்தால் நாளடைவில் மங்கிவிடும். இன்றே அதைப் படமெடுத்து வையுங்கள், கருவியில் பதிவான மூலப் படங்களையும் விண்ணப்பத்தில் சேர்த்துக் கேளுங்கள்.