ஆர்டிஎக்ஸ் 4060-ஆ, 4070-ஆ: உங்கள் வேலைக்கு எது பொருந்தும்?

வணக்கம் நண்பரே. பகலில் பிளெண்டர் (முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் மென்பொருள்), போட்டோஷாப், இரவில் விளையாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற வரைகலை அட்டை (திரைக்கான படங்களைக் கணித்து வரையும் பாகம்) உள்ள கனமான மடிக்கணினியா, 4070 உள்ள மெலிந்த மடிக்கணினியா என்பதுதான் உங்கள் குழப்பம். நான் முதலாவதையே பரிந்துரைப்பேன்.

மடிக்கணினிகளுக்கான இவ்விரு அட்டைகளிலும் நினைவகம் 8 ஜிபிதான் என்பதால், ஒன்றில் அடங்காத முப்பரிமாணக் காட்சி மற்றொன்றிலும் அடங்காது. 4096 பிக்சல் சதுரமான ஒரு டெக்ஸ்சர் (பொருளின் மேற்பரப்பில் போர்த்தும் படம்), சுருக்கப்படாத நிலையில், சுமார் 64 எம்பி இடம் பிடிக்கும். ஒரு பொருளுக்கு நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் என மூன்று வைத்தால், இருபது பொருள்களுக்கே ஏறக்குறைய 4 ஜிபி ஆகிவிடும். என் பழைய 6 ஜிபி அட்டையில், நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு ரெண்டர் (இறுதிப் படத்தைக் கணித்து உருவாக்கும் வேலை) பாதியில் நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

4070-இல் கூடா கோர்கள் (அட்டைக்குள் கணக்கிடும் சிறு அலகுகள்) 4608, 4060-இல் 3072 என்பது உண்மையே. ஆனால் இந்த அட்டைகளுக்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் தருவது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். மெலிந்த உடலுக்குள் வெப்பத்துக்கு அஞ்சிக் குறைவாகக் கொடுத்தால், அந்தக் கூடுதல் பலத்தில் பெரும்பகுதி வீணாகும். ஆகவே வாட் அளவைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

திரையைப் பற்றி நீங்கள் எதுவுமே குறிப்பிடாததுதான் எனக்குக் கவலை. விவரப் பட்டியலில் 45% என்டிஎஸ்சி (திரை காட்டக்கூடிய நிறங்களின் பரப்பைச் சொல்லும் ஓர் அளவுகோல்) என்று இருந்தால், எவ்வளவு நல்ல அட்டையானாலும், அச்சுக்குப் போகும் சிவப்பை அந்தத் திரையில் நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது. 100% எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளுக்கான பொதுவான நிற அளவுகோல்) உள்ளதையே கேளுங்கள்.