கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி இருக்கும் புழு என்ன? அது பட்டாம்பூச்சி ஆகும்வரை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

தாராளமாகப் பார்க்கலாம். கறிவேப்பிலையில் இப்படி வருவது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி, இல்லாவிட்டால் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. மருந்து அடித்துவிடாதீர்கள். ஆளுயரச் செடியை நாலைந்து புழு ஒன்றும் செய்துவிடாது. தொட்டியில் முழங்கால் உயரக் கன்று என்றால் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மீதியை எலுமிச்சைக்கோ நார்த்தைக்கோ மாற்றுங்கள்.

பாட்டிலில் போட்டு மூடுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். இலை வியர்த்து, புழுக்கை பூஞ்சை பிடித்து, இரண்டே நாளில் புழு சுருண்டுவிடும். செடியிலேயே விடுவதுதான் நல்லது. பழைய கொசுவலையைத் தலையணை உறை அளவுக்குப் பையாகத் தைத்து, கிளையில் சிலந்தி, எறும்பு இல்லையென்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். காம்போடு சேர்த்துப் பஞ்சு சுற்றிக் கட்டினால் எறும்பு நுழையாது. இரண்டு நாளுக்கொரு முறை புழுக்கையை உதறுங்கள். இலை தீர்ந்தால் புழுவைக் கையால் பிடுங்காமல், அது உட்கார்ந்திருக்கும் ஈர்க்கோடு நறுக்கி அடுத்த கிளையில் வையுங்கள். தோலுரிக்கும் புழு பட்டுநூலில் காலைப் பதித்து ஒரு நாள் அசையாமல் கிடக்கும். அப்போது இழுத்தால் பிழைக்காது.

கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். மருந்து மிச்சம் இருந்தால் புழு பச்சையாகக் கக்கிச் சாகும். வேப்பெண்ணெய் தெளித்த செடியும் வேண்டாம்.

ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம். எச்ச வேடம் முதல் நான்கு பருவங்களுக்குத்தான். ஐந்தாவதில் பச்சையாகி, முன்பக்கம் பொய்க்கண்கள் வந்துவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி சிவந்த கொம்பு நீளும், கூடவே ஒரு நெடி. எறும்பு போன்ற சிறு எதிரிகளை விரட்டத்தான் அது. மொத்தத் தீனியில் பெரும்பங்கு இந்தப் பருவத்தில்தான் போகும், இலையைக் கணக்குப் பார்த்து வையுங்கள்.

பிறகு தீனியை நிறுத்தி, ஈரமாகக் கழிந்துவிட்டு அங்குமிங்கும் அலையும். சீக்கு இல்லை, கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. வால்முனையைப் பட்டில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். மறுநாள் தோலுரித்தால் கூடு, பச்சையோ பழுப்போ. அது இன்னும் மெத்தென்று இருக்கும்போதுதான் நுண்குளவி வந்து முட்டையிடும். அப்படிப்பட்ட கூடு கறுத்து, தொட்டாலும் நெளியாது. கடைசியில் ஊசித்துளை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகளாக வெளிவரும். பட்டாம்பூச்சி போயிற்றே என்றிருக்கும், ஆனால் அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான். கொசுவலை பறவையைத் தடுக்குமே தவிர இவ்வளவு பொடிசைத் தடுக்காது.

நல்ல கூட்டில் ஏறக்குறைய 8 முதல் 12 நாளில் இறக்கை நிறம் வெளியே தெரியும். மறுநாள் காலையில் காத்திருங்கள். வந்ததும் ஏறித் தொங்கச் சொரசொரப்பான பிடிமானம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை மடங்கியபடியே இறுகிவிடும். சொட்டும் செந்நிற நீர் ரத்தமல்ல, கழிவு. ஓரிரு மணி நேரத்தில் பறந்துவிடும், அதற்குள் பையை அவிழ்த்துவிடுங்கள்.

வாலில்லாமல் கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் இருந்தால் எலுமிச்சை அழகி. வாலோடு, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை என்றால் கறிவேப்பிலை அழகி. சிவப்புத் திட்டோடு, ரோஜா அழகி என்ற இன்னொரு பட்டாம்பூச்சி போல ஒன்று வந்தாலும் குழம்ப வேண்டாம். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளை என்ற நச்சுச் செடியைத் தின்று நஞ்சேறியது, பறவைகள் சீண்டாது. அந்த வேடத்தைப் போட்டிருக்கும் கறிவேப்பிலை அழகியின் பெண் அது.